பிப்ரவரி 29 கெடு, மார்ச் 1 பரீட்சை: ஒரு வாடகை நீட்டிப்புக் கடிதம்

கோத்தகிரியில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். பத்திர எழுத்தரும் இல்லை, வக்கீலும் இல்லை. ஆனாலும் இத்தனை வருஷத்தில் அடித்துக் கொடுத்த வாடகை ஒப்பந்தங்களை அடுக்கினால் கடை வாசலே மறைந்துவிடும். உண்மையைச் சொன்னால் எல்லாம் ஒரே ஃபைல்தான், பெயரும் கதவு எண்ணும் தொகையும் தேதியும் மட்டும் மாறும், மற்றதை யாரும் படிப்பதில்லை, நானும் படிப்பதில்லை. இந்த ஒரு கேஸை இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம், அதில் ஒரே வீட்டுக்கு ஒரே விஷயமாக மூன்று கடிதங்கள் போயின, முதல் இரண்டும் காரியத்தைக் கெடுத்தன, மூன்றாவது நடந்தது. அந்த மூன்றாவதை எழுதியவன் நான். முதல் சிக்கலை உண்டாக்கியவனும் நான்தான். இரண்டு தரப்பிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், பெயர் மட்டும் வேண்டாம் என்றார்கள். சரி.

குடியிருந்தவர் தேயிலை ஃபேக்டரி ஒன்றில் டிரைவர், பச்சை இலை ஏற்றும் வண்டி. அவர் வீட்டம்மா தையல் மெஷின் வைத்திருக்கிறார். பெண் அப்போது பிளஸ் டூ, பையன் எட்டாவது. வீடு டானிங்டன் பக்கம் ஒரு மாடி போர்ஷன், ரோட்டிலிருந்து நாற்பது படி இறங்க வேண்டும், இரண்டு ரூம், ஒரு ஹால், ஜன்னலைத் திறந்தால் தேயிலைச் சரிவு. வாடகை 8,000, அட்வான்ஸ் 40,000. கீழ் போர்ஷன் பூட்டியே கிடக்கும். ஹவுஸ் ஓனர் பக்கத்து ஹட்டியில், அதாவது படுகர் கிராமத்தில், பிறந்து வளர்ந்த பெரியவர், அரசு வேலையில் ஓய்வு பெற்று கோயம்புத்தூரில் மகனோடு இருக்கிறார், வருஷத்துக்கு இரண்டு மூன்று தரம் மேலே வந்து கீழ் போர்ஷனில் தங்குவார், படுகர்கள் கும்பிடும் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு மட்டும் என்ன ஆனாலும் வந்துவிடுவார்.

ஒப்பந்தம் 2023 ஏப்ரல் 1-ல் ஆரம்பித்து 11 மாசம். ஏன் 11 என்று கேட்டால் எல்லோரும் ‘அதுதானே வழக்கம்’ என்பார்கள். 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டம் ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்யச் சொல்கிறது, அதிலிருந்து தப்பிக்கக் கண்டுபிடித்த எண்தான் 11. அந்த வழக்கம் ஊறிப்போனதால், தமிழ்நாட்டின் 2017-ஆம் வருஷத்துப் புது வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22-ல் நடைமுறைக்கு வந்து, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், அதற்கென்று ஆன்லைனில் இடமும் இருக்கிறது என்றெல்லாம் சொன்ன பிறகும், என் கடைக்கு வருகிறவர்கள் ‘அண்ணா, பழைய மாதிரியே ஒரு பதினோரு மாசம் போட்டுடுங்க’ என்கிறார்கள். நானும் போட்டுக் கொடுக்கிறேன். இவர்களுக்கும் அப்படித்தான் போட்டுக் கொடுத்தேன்.

அதில் என் தப்பு என்னவென்றால், ஏப்ரல் 1-லிருந்து 11 மாசம் எண்ணினால் 2024 பிப்ரவரி கடைசி நாள். 2024 லீப் வருஷம். பழைய ஃபைலில் 28 என்று இருந்தது, வருஷத்தை மட்டும் மாற்றிவிட்டு ‘28.02.2024 முடிய’ என்று அடித்துவிட்டேன். ஒரு நாள்தானே என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். இன்னொன்று அதைவிடப் பெரிசு. ஒப்பந்தத்தில் ‘இரு தரப்பும் சம்மதித்தால் புதுப்பித்துக்கொள்ளலாம்’ என்று ஒரு வரி வரும், என் ஃபைலில் ஆதிகாலத்திலிருந்தே இருக்கிற வரி. யார் முதலில் கேட்க வேண்டும், எத்தனை நாளைக்கு முன்னால் கேட்க வேண்டும், பதில் வராவிட்டால் என்ன அர்த்தம், ஒன்றும் கிடையாது. பெண் பதினொன்றாவது முடிக்கப் போகிறாள் என்று அந்த அம்மா என் எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டுதான் இருந்தார், நான் காதில் வாங்கிக்கொண்டே பிரிண்ட் கொடுத்தேன்.

நவம்பரில் மழை. கோத்தகிரி–மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்து வண்டிகள் நின்ற அந்த வாரத்தில் இந்த மாடிக்கு மேலே தகரக் கூரை ஒரு மூலையில் பெயர்ந்து, ஹாலில் பாத்திரம் வைத்துத் தண்ணீர் பிடித்தார்கள். ஓனருக்கு ஃபோன் போட்டால், ‘நீங்களே ஆள் வெச்சுப் பாத்துக்கங்க, பில்லை வெச்சிருங்க, கழிச்சுக்கலாம்’ என்றார். 6,200 ஆயிற்று. பில் இருந்தது. வாய்ச்சொல்லும் இருந்தது, ஃபோனில்.

அதே மாசம் பிளஸ் டூ அட்டவணை வந்தது. முதல் பரீட்சை, மொழிப் பாடம், மார்ச் 1. கடைசிப் பரீட்சை மார்ச் 22. அட்டவணை வந்து பத்து நாள் கழித்து ஓனரின் மகன் கூப்பிட்டார். பிப்ரவரியோடு முடித்துக்கொள்ளலாம், ஏப்ரல் மே சீசனுக்குள் வீட்டை ஹோம்ஸ்டேவாக மாற்றப் போகிறோம், ஆள் வேலை நிறைய இருக்கிறது. இங்கே இது சகஜம்தான். வருஷம் முழுக்க 8,000 வாங்குகிற வீட்டுக்கு சீசனில் ஒரு ராத்திரிக்கே மூவாயிரம் நாலாயிரம் கேட்கலாம் என்று யாராவது சொல்லிவிட்டால் அப்புறம் வாடகைக்கு இருக்கிறவர் கண்ணில் உறுத்த ஆரம்பித்துவிடுவார். மலைப் பகுதிக் கட்டிட விதிகள் 1993-லிருந்து உயரத்துக்கும் இடத்துக்கும் கடிவாளம் போட்டு வைத்திருப்பதால் புது வீடு எழும்புவது குறைச்சல். இருக்கிற வீடும் இப்படிக் காட்டேஜாகப் போனால் ஊரில் வேலை பார்க்கிறவன் எங்கே குடியிருப்பது என்பது தனிக் கதை, அதை இங்கே இழுக்கவில்லை.

ஆக நிலைமை இது: ஒப்பந்தம் முடிகிற மறுநாள், என் தப்பைச் சேர்த்துக்கொண்டால் மறுநாளுக்கு மறுநாள், பெண்ணுக்குப் பரீட்சை. அந்த வாரத்தில் பெட்டி படுக்கையைக் கட்டி நாற்பது படி ஏற்ற வேண்டும்.

முதல் கடிதத்தை டிசம்பர் முதல் வாரம் டிரைவரே எழுதினார், கையால், இரண்டரைப் பக்கம். என்னிடம் ஜெராக்ஸ் எடுக்கக் கொண்டு வந்தபோதுதான் பார்த்தேன். இந்த ஊருக்கு வந்த கதை, அம்மாவுக்கு ஆபரேஷன் ஆன கதை, பச்சைத் தேயிலை விலை இறங்கியதால் ஃபேக்டரியில் ஓவர்டைம் நின்றுபோன கதை, பெண் நன்றாகப் படிக்கிற கதை, நீங்கள் எங்களுக்குத் தெய்வம் மாதிரி என்று ஒரு வரி, கடைசியில் ‘தயவுசெய்து கொஞ்ச நாள் லீஸை நீட்டித்துத் தாருங்கள்’. படித்தால் மனசு இளகும். ஆனால் எத்தனை நாள் என்று அதில் எங்குமே இல்லை. பரீட்சைத் தேதிகூட இல்லை! ‘பரீட்சை இருக்கிறது’ என்று மட்டும் இருந்தது. ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன், ஒன்றும் சொல்லவில்லை, கேட்காமல் வாய் விடுவது கடைக்காரனுக்கு அழகில்லை என்று நினைத்தேன்.

அந்தக் கடிதம் பண்ணின கோளாறு யாரும் எதிர்பார்க்காதது. மகன் கூப்பிட்டு, ‘லீஸுக்கா கேக்கறீங்க? எவ்வளவு தர முடியும்?’ என்றார். இவருக்குப் புரியவில்லை. நம் ஊர்ப் பேச்சில் லீஸ் என்றால் ஒத்தி. அஞ்சு லட்சமோ எட்டு லட்சமோ மொத்தமாகக் கொடுத்துவிட்டு மாச வாடகை இல்லாமல் இரண்டு மூன்று வருஷம் இருந்து, போகும்போது பணத்தைத் திருப்பி வாங்கிக்கொள்வது, சில பக்கம் போக்கியம் என்பார்கள். ஒப்பந்தத் தலைப்பில் ‘லீஸ்’ என்று எங்கோ பார்த்ததை வைத்து இவர் எழுதிவிட்டார். ஹோம்ஸ்டே செலவுக்குக் கையில் பணம் தேடிக்கொண்டிருந்த மகனுக்கு அது இனிப்பாகக் கேட்டிருக்கிறது. இல்லை என்று தெரிந்ததும் குரல் மாறிவிட்டது. ‘பிப்ரவரி 28-ங்க, ஒப்பந்தத்துல இருக்கு’ என்று வைத்துவிட்டார்.

இரண்டாவது கடிதத்தை எழுதியது அந்த அம்மாவின் தம்பி, மேட்டுப்பாளையத்தில் ஒரு வக்கீல் குமாஸ்தா. ஒன்றரைப் பக்கம், கம்ப்யூட்டரில், பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு கோயம்புத்தூருக்கே போனது. ‘தாங்கள் தவறும் பட்சத்தில்’ என்று ஆரம்பிக்கிற வாக்கியங்கள் நாலு இருந்தன. சாரம் என்னவென்றால், 2017 சட்டத்தின் 5-ஆவது பிரிவின்படி காலம் முடிந்தும் புதுப்பிக்கப்படாமல், காலியும் செய்யப்படாமல் இருந்தால் பழைய நிபந்தனைகளின் பேரிலேயே மாசா மாசம் தொடர்வதாகக் கருதப்படும், அதிகபட்சம் ஆறு மாசம். 20-ஆவது பிரிவின்படி தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது. ஒப்பந்தத்தில் முடிவுத் தேதி தவறாக இருப்பதால் ஒப்பந்தமே செல்லாது.

சட்டம் அப்படிச் சொல்வது நிஜம்தான். ஆறு மாசம் என்ற வரி அதில் இருக்கிறது. ஆனால் குமாஸ்தாத் தம்பி யோசிக்காத இரண்டு விஷயம் உண்டு. ஒன்று, அந்தச் சட்டத்தின்படி பதிய வேண்டிய ஒப்பந்தத்தை இரண்டு தரப்பும் பதியவே இல்லை. அதே சட்டத்தில், முறையாக ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதே வீட்டைத் திரும்பக் கேட்க ஒரு காரணமாக இருக்கிறது. ஒப்பந்தமே செல்லாது என்று நாமே எழுதிக் கொடுத்தால் அந்தக் காரணத்தைத் தட்டில் வைத்து நீட்டுகிற மாதிரி. ஒரு தேதிப் பிழை ஒப்பந்தத்தைக் கவிழ்த்துவிடாது என்பது வேறு. இரண்டாவது, கடிதம் யாருக்குப் போகிறது என்று பார்க்கவில்லை. பெரியவருக்கு எழுபது தாண்டிவிட்டது. அவர் வயசுக்காரர்கள் பார்த்தது 1960-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அதன்படி சொன்ன காரணங்களில் ஒன்றை நிரூபிக்காமல் யாரையும் காலி செய்ய வைக்க முடியாது, கேஸ் போட்டால் மகன் காலத்தில்தான் தீர்ப்பு. அவருடைய சித்தப்பா கடை ஒன்று பஜாரில் அப்படி மாட்டி பதினாலு வருஷம் இழுத்ததாம், பிற்பாடு அவரே என்னிடம் சொன்னார். அப்படிப்பட்டவர் கையில் ஒப்புகை அட்டையோடு ‘ஆறு மாசம்’ என்கிற காகிதம் போய்ச் சேர்ந்தால் அவர் என்ன படிப்பார்? ‘இவன் போக மாட்டான்’ என்றுதான் படிப்பார்.

அப்படித்தான் படித்தார். மகன் ஃபோனில் கத்தினார், கோர்ட்டுக்குப் போறீங்களா, போங்க, நாங்களும் வர்றோம். பிறகு டிரைவர் கூப்பிட்டால் ஃபோனை எடுக்கவே இல்லை.

அந்த அம்மா டிசம்பர் கடைசியில் கடைக்கு வந்தார். கையில் இரண்டு கடித நகலும் ஒப்பந்தமும். ‘அண்ணா, நீங்க அடிச்ச பத்திரம்தானே இது, தேதியே தப்பாமே?’ என்றார், குற்றம் சொல்கிற குரலில் இல்லை, அதுதான் சுட்டது. கடையில் கூட்டம் இல்லாத மத்தியானம். உட்கார வைத்துப் பேசினேன்.

முதலில் கேட்டது, நிஜமாக எத்தனை நாள் வேண்டும்? ‘இன்னொரு பதினோரு மாசம் கிடைச்சா நல்லது’ என்றார். அது ஆசை. தேவை எது? பரீட்சை முடியும் வரை. அது மார்ச் 22. அப்புறம் பெட்டி கட்ட ஒரு வாரம். மார்ச் 31 போதும், அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமையாகவும் இருக்கிறது. அப்படியானால் கேட்பது ஒரே ஒரு மாசம். இரண்டரைப் பக்கமும் பதிவுத் தபாலும் ஒரு மாசத்துக்காகவா என்று அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்தது, போக இடம் இருக்கிறதா? கோத்தகிரிக்குப் பக்கத்தில் அரவேணுவில் தெரிந்தவர் வீடு மார்ச் கடைசியில் காலியாகும் என்று பேச்சு இருந்தது, ஆனால் இவர்கள் இன்னும் வாக்குக் கொடுக்கவில்லை, இங்கேயே நீட்டிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில். முதலில் அங்கே ஒரு டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வாருங்கள், ரசீது வாங்குங்கள், அதற்கப்புறம் கடிதம் எழுதலாம் என்றேன். கடிதம் எழுதுகிறவன் வீடு பார்க்கச் சொல்கிறானே என்று நினைத்திருப்பார். ஆனால் பெரியவரின் பயம் ‘இவர்கள் போவார்களா’ என்பது மட்டும்தான் என்றால், அதற்கு நான் எழுதுகிற எந்த வார்த்தையைவிடவும் அந்த ரசீதின் நகல் பெரிய பதில்.

பிறகு ஓனர் பக்கம். ஏப்ரலில் சீசன் என்றால் பெயிண்டர், பிளம்பர் எல்லாம் எப்போது வர வேண்டும்? மார்ச்சில். அப்போது இவர்கள் உள்ளே இருந்தால் அவருக்கு ஒரு மாச வேலை நஷ்டம். கீழ் போர்ஷன் காலிதானே, அங்கே வேலையை ஆரம்பிக்கலாம், மாடியில் அளவெடுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் ஆள் வந்தால் நாங்கள் கதவைத் திறந்து விடுகிறோம் என்று எழுதலாம். வாடகையில் 500 கூட்டித் தருகிறோம் என்று சேர்க்கலாமா என்று கேட்டேன். அந்த அம்மா உடனே, ‘கேக்காததை ஏண்ணா நாமளே குடுக்கணும்?’ என்றார். யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. மகன் பேச்சில் வாடகை குறைவு என்ற குறையே வரவில்லை. நாமே ஆரம்பித்தால் 500 இரண்டாயிரமாகும்.

கூரைச் செலவு 6,200 இருந்ததே, அதை என்ன செய்வது? சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-ஆவது பிரிவு, ஓனர் செய்ய வேண்டிய ரிப்பேரைச் சொல்லியும் செய்யாமல் விட்டால் குடியிருப்பவர் செய்துவிட்டு வாடகையில் கழிக்கலாம் என்கிறது, இங்கே அவரே ஃபோனில் ஒப்புக்கொண்டும் இருக்கிறார். பிப்ரவரி வாடகையில் கழித்திருக்கலாம். வேண்டாம், வாடகை ஒரு மாசம்கூடக் குறையாமல் வந்துகொண்டிருக்கட்டும், அட்வான்ஸ் கணக்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு பண்ணினோம். அதைக் கடிதத்தில் ஒரு வரியாக மட்டும் வைத்தேன், வாய்ச்சொல் எழுத்தில் ஏறட்டும் என்று.

என் முதல் நகலில் இன்னொரு பத்தி இருந்தது: ஒருவேளை ஹோம்ஸ்டே யோசனையைக் கைவிட்டால் மேலும் 11 மாசம் இருக்க விரும்புகிறோம் என்று. அடித்துவிட்டேன். ஒரே காகிதத்தில் இரண்டு விஷயம் கேட்டால் எதிராளி இரண்டுக்குமாகச் சேர்த்து ‘பார்க்கலாம்’ என்று ஒரே பதில் சொல்லிவிடுவார். பார்க்கலாம் என்றால் நம் ஊரில் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

கடைசியில் போன கடிதம் இது. பெயர், முகவரி மட்டும் எடுத்திருக்கிறேன்.

‘மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் வீட்டு மாடி போர்ஷனில் 01.04.2023 முதல் வாடகைக்கு இருக்கிறோம். ஒப்பந்தப்படி காலம் வரும் பிப்ரவரி மாதத்தோடு முடிகிறது. வீட்டைத் தாங்கள் சொன்னபடி ஒப்படைக்கிறோம்.

எங்கள் மகளுக்கு பிளஸ் டூ பொதுத் தேர்வு 01.03.2024 அன்று தொடங்கி 22.03.2024 அன்று முடிகிறது. ஆகவே 31.03.2024 வரை, ஒரு மாதம் மட்டும், இதே வாடகையில் இருக்க அனுமதி கேட்டுக்கொள்கிறோம். அன்று மாலை 5 மணிக்குள் சாவியை ஒப்படைப்போம். 01.04.2024 முதல் குடியேற அரவேணுவில் வீடு பேசி முன்பணம் கொடுத்துவிட்டோம், ரசீது நகல் இணைத்துள்ளோம்.

மார்ச் மாதம் கீழ் போர்ஷனில் வேலை நடப்பதில் எங்களுக்குத் தடையில்லை. மாடியை அளவெடுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் ஆள் வந்தால் திறந்து விடுகிறோம். பரீட்சை நாட்களில் மட்டும் சத்தமான வேலை வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

நவம்பரில் தங்கள் சம்மதத்தோடு கூரை சரிசெய்த செலவு ரூ. 6,200. பில் எங்களிடம் உள்ளது. அதை வாடகையில் கழிக்கவில்லை, அட்வான்ஸ் திரும்பத் தரும்போது சேர்த்துக் கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

முன்பு அனுப்பிய பதிவுத் தபாலில் இருந்த வார்த்தைகள் தங்களை வருத்தியிருந்தால் மன்னிக்கவும். அந்தக் கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம்.

சம்மதம் என்றால் கீழே கையெழுத்திட்டு ஒரு பிரதியைத் தர வேண்டுகிறோம்.’

கீழே கோடு போட்டு, ‘மேற்படி 31.03.2024 வரை தங்கியிருக்கச் சம்மதம். ஒப்பந்தத்தின் மற்ற நிபந்தனைகள் அப்படியே தொடரும்’ என்று ஓனர் கையெழுத்துக்கு இடம், இரண்டு சாட்சிக்கு இடம். இரண்டு பிரதி. பிப்ரவரி 28-ஆ 29-ஆ என்ற வம்பே வராமல் ‘பிப்ரவரி மாதத்தோடு’ என்று எழுதியதைக் கவனித்திருப்பீர்கள், என் தப்பை நானே துணி போட்டு மூடிய இடம் அது. ‘வீட்டை ஒப்படைக்கிறோம்’ என்பது முதல் பத்தியிலேயே வர வேண்டும் என்பதில் மட்டும் பிடிவாதமாக இருந்தேன். டிரைவருக்கு அது பிடிக்கவில்லை, கேட்கப் போகிற இடத்தில் முதல் வரியிலேயே போகிறேன் என்றால் அப்புறம் கேட்க என்ன இருக்கிறது என்றார். பெரியவர் அந்த வரியைத் தேடித்தான் படிப்பார், அது கிடைக்கும் வரை வேறு எதுவும் அவர் கண்ணில் விழாது என்றேன்.

தபாலில் போடவில்லை. ஜனவரியில் ஹெத்தையம்மன் பண்டிகைக்குப் பெரியவர் வந்தார், பேரகணிக் கோயிலுக்குப் போய்விட்டு வந்து மறுநாள் காலையில் வெயில் காய வாசலில் நாற்காலி போட்டிருந்தார், வெள்ளை வேட்டியும் சால்வையுமாக. அந்த அம்மா பெண்ணையும் கூட்டிக்கொண்டு இறங்கிப் போய்க் கொடுத்தார். மகன் அந்த நேரம் கோயம்புத்தூரில். இதைத் திட்டம் போட்டுச் செய்ததா என்று கேட்டால், ஆமாம், கொஞ்சம்.

நடந்ததை அந்த அம்மா சொல்லித்தான் கேட்டேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு முழுக்கப் படித்தாராம். அரவேணு ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். பெண்ணிடம், ‘என்ன குரூப்?’ ‘பயோ மேத்ஸ் தாத்தா.’ ‘கணக்கு எப்படி வரும்?’ ‘வரும் தாத்தா.’ ‘ஒரு மாசம்தானேம்மா கேக்கறீங்க? இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே, எதுக்கு வக்கீலு அது இதுன்னு?’ என்று சொல்லிவிட்டு அங்கேயே கையெழுத்துப் போட்டார். பக்கத்து வீட்டுக்காரரும் பால்காரரும் சாட்சி. மகனுக்குத் தெரிந்தபோது கோபம் வந்திருக்கிறது, ஆனால் காகிதத்தில் தேதி இருந்ததால் அவராலும் பெயிண்டரை ஏப்ரல் 1-க்குச் சொல்லி வைக்க முடிந்தது.

இந்தச் சம்மதக் காகிதம் சட்டப்படி எவ்வளவு கெட்டி என்று கேட்டால், பழைய ஒப்பந்தமே பதியப்படாதது, அதன் வாலாக ஒரு மாச நீட்டிப்பு, இதைத் தூக்கிக்கொண்டு வாடகை அதிகாரியிடம் போயிருந்தால் கேள்விகள் வந்திருக்கும். முறைப்படி செய்வதானால் காலம் முடிவதற்கு முன்பே கேட்டு, ஓனர் ஒத்துக்கொண்டால் புது ஒப்பந்தம் போட்டு அதைப் பதிய வேண்டும், சட்டம் சொல்கிற வழி அதுதான். இருக்கப் போவது பதினோரு மாசம் என்றால் நானும் அதைத்தான் செய்யச் சொல்வேன், இப்போதெல்லாம் சொல்கிறேன், பாதிப்பேர் கேட்கிறார்கள்.

பரீட்சை நடந்தது. கீழே தச்சு வேலை ஒரு நாள் சத்தம் போட்டது, பெண் மேலிருந்து எட்டிப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்களாம். மார்ச் 30-ல் பிக்கப் பிடித்தார்கள், 31 மத்தியானமே சாவி கொடுத்தாயிற்று. ஃப்ரிட்ஜை அந்த நாற்பது படி ஏற்ற நாலு பேர்.

எல்லாம் சுமுகம் என்று சொல்ல முடியாது. அட்வான்ஸ் 40,000, கூரைச் செலவு 6,200, மொத்தம் 46,200 வர வேண்டும். வந்தது 41,200. பெயிண்டிங் என்று மகன் 5,000 பிடித்துக்கொண்டார். எப்படியும் அவர் தன் காட்டேஜுக்காக முழு வீட்டையும் பெயிண்ட் அடிக்கப் போகிறவர்! இதில் குற்றவாளி மறுபடி நான்தான். பெயிண்டிங் பிடித்தம் உண்டா இல்லையா, அட்வான்ஸ் என்றைக்குத் திரும்ப வரும் என்று கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. சட்டம் ஒரு மாசத்துக்குள் தரச் சொல்கிறது, பணம் மூன்று வாரத்தில் வந்துவிட்டது, பிடித்தத்தைத்தான் யாரும் பேசி வைக்கவில்லை. சம்மதம் கிடைத்தால் போதும் என்ற அவசரத்தில் காலி செய்யும் நாளோடு என் யோசனை நின்றுவிட்டது. டிரைவர் சண்டைக்குப் போகலாம் என்றார், அந்த அம்மா விட்டுவிடலாம் என்றார். விட்டுவிட்டார்கள். நான் அந்தக் கடிதத்துக்கு வாங்கிய 60 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்கவில்லை.

ஹோம்ஸ்டே என்ன ஆயிற்று என்றால், ஏப்ரலில் தேர்தல், பெயிண்டர் ஒரு கட்சிக்குக் கொடி கட்டப் போய்விட்டார், அது இரண்டு வாரம். வீடாக அனுமதி வாங்கிய கட்டிடத்தைக் காட்டேஜாக நடத்தினால் சீல் வைப்பார்கள், கரண்ட் இணைப்பையும் வணிகக் கட்டணத்துக்கு மாற்ற வேண்டும் என்று யாரோ காதில் போட்டார்கள். அதற்குள் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வர இ-பாஸ் என்று செய்தி வந்தது. இ-பாஸ் கேட்டவர்களுக்குக் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது, ஆனால் பெரியவர் பயந்துவிட்டார். அந்த சீசன் முழுக்க வீடு பாதி பெயிண்டோடு பூட்டிக் கிடந்தது. ஜூனில் அந்த அம்மாவுக்கே ஃபோன் வந்திருக்கிறது, திரும்பி வர்றீங்களா என்று. பையனை அரவேணுப் பக்கம் பள்ளியில் சேர்த்தாயிற்று, இனி நாற்பது படி வேண்டாம் ஐயா என்று சொல்லிவிட்டாராம்.

ஆகஸ்ட் கடைசியில் பெரியவரே என் கடைக்கு வந்தார். மாடிக்குப் புதுக் குடித்தனம், கணவன் மனைவி இருவரும் ஆஸ்பத்திரி வேலை, செப்டம்பர் 1 முதல். என் பழைய ஃபைலைத் திறந்தேன். பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘புதுப்பிக்கிறதா காலி பண்றதான்னு ரெண்டு பேரும் அறுபது நாளைக்கு முன்னாடி எழுத்துல சொல்லணும்னு ஒண்ணு சேரு’ என்றார். சேர்த்தேன். பெயிண்டிங் யார் செலவு என்று நான் கேட்டேன், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘பாதிப் பாதின்னு போடு’ என்றார். அடித்து முடித்து பதிவு விஷயத்தைச் சொன்னேன், ஆன்லைனில்தானே, நீயே பண்ணிக் குடு என்றார். பிரிண்ட் கொடுக்கப் போகும்போது கையை நீட்டித் தடுத்தார்.

‘தேதியைப் பாத்தியா?’

செப்டம்பர், அக்டோபர், நவம்பர் என்று அவர் எதிரிலேயே விரல் விட்டு எண்ணிக் காட்டினேன். ஜூலை 31.